செல்ஃப் எடுக்காத காலை: கேம்பர் வேனில் எந்த பேட்டரி எதற்கு?

“அத்தான், சாவியத் திருப்பினா டக்கு டக்குன்னு சத்தம் மட்டுந்தான் வருது. செல்ஃப் எடுக்கல.”

போன ஜூலையில், இங்கே தென்னாப்பிரிக்காவில் குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு என் மைத்துனன் போன் செய்தான். வெள்ளிக்கிழமையே டர்பனிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி, டிராகன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் ஷாம்பேன் பள்ளத்தாக்கில் ஒரு முகாமில் வேனை நிறுத்தியிருந்தான். எதிரே காத்கின் சிகரம், புல்லெல்லாம் வெள்ளைவெளேரென்று உறைபனி, வேனுக்குள் இரண்டு பிள்ளைகள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். மதியத்துக்குள் வீடு திரும்ப வேண்டும்.

“கூலர் எங்க மாட்டியிருக்க மாப்ள?” என்று, சாப்பாடு வைக்கும் குளிர்ப்பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

“முன்னாடி, டிரைவர் சீட்டுப் பக்கத்துல இருக்கிற லைட்டர் சாக்கெட்டுல. ஆனா அத்தான், முகாம்ல குடுத்த கரண்ட் கேபிள் ராத்திரி பூரா வேன்ல மாட்டித்தான் இருந்துச்சு. அப்புறம் எப்படி பேட்டரி இறங்கும்?”

உள்ளேயே தங்கிச் சமைக்க வசதியுள்ள கேம்பர் வேன் வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு நாள் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்வார்கள். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முக்கால்வாசிச் சிக்கல் வராமலே போய்விடும் என்பதால், அவனுக்கு அன்று போனில் சொன்னதையும் பிறகு வீட்டில் உட்கார்ந்து விளக்கியதையும் இங்கே எழுதுகிறேன்.

கேம்பர் வேனில் பொதுவாக இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று இன்ஜினைக் கிளப்புவதற்கு, அதுதான் ஸ்டார்ட்டர் பேட்டரி. மற்றது உள்ளே விளக்கு, தண்ணீர் பம்ப், பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும். அதை வீட்டு பேட்டரி என்று சொல்வோம். இரண்டும் 12 வோல்ட், பார்க்கவும் ஒரே மாதிரிப் பெட்டிகள். ஆனால் குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நிற்கிற தேரைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. பின்சக்கரத்தில் உலுக்கு மரம் போட்டு, ஆட்கள் ஏறி நின்று ஒரே மூச்சில் நெம்புவார்கள். சக்கரம் அரை அடி உருண்டுவிட்டால் போதும், அப்புறம் வடம் பிடித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஸ்டார்ட்டர் பேட்டரி அந்த உலுக்கு மரம். இரண்டு மூன்று விநாடிதான் அதற்கு வேலை. அந்த விநாடிகளில் ஒரு டீசல் வேனுக்கு 300 ஆம்பியர், குளிரில் அதற்கு மேலும், கொட்டிக் கொடுக்க வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும், அதோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேனின் மின்சாரத் தேவையை அதுவே கவனிக்கும், பேட்டரி செலவழித்ததையும் திருப்பி ஏற்றும்.

வீட்டு பேட்டரியைக் கருவறையின் நந்தா விளக்கோடுதான் ஒப்பிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில், விடாமல் கொடுக்கும்.

இந்த வேறுபாடு உள்ளிருக்கும் ஈயத்தட்டுகளிலேயே இருக்கிறது. ஸ்டார்ட்டர் பேட்டரியில் தட்டுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் நிறைய. அமிலம் படும் பரப்பு அதிகம் என்பதால் ஒரே நேரத்தில் பெரிய மின்னோட்டம் பாயும். வீட்டு பேட்டரியில், அதாவது கடைக்காரர் டீப் சைக்கிள் என்று சொல்லும் வகையில், தட்டுகள் தடிமனானவை. ஆழமாக இறங்கி மறுபடி ஏறுவதைத் தாங்கும். மெல்லிய தட்டை அப்படி இறக்கி ஏற்றினால் அதிலுள்ள பூச்சு உதிர்ந்து, சில பத்து தடவைகளிலேயே பேட்டரி முடிந்துபோகும். லோட் ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் வீட்டில் இன்வெர்ட்டர் வைத்த தென்னாப்பிரிக்கக்காரர்கள் பலருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். பழைய கார் பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டிப் பார்த்தவர்களுக்கு மீதியும் தெரிந்திருக்கும்.

இனி மைத்துனனின் கூலருக்கு வருவோம். கம்ப்ரஸர் இல்லாத, லைட்டர் சாக்கெட்டில் செருகும் சாதாரணக் குளிர்ப்பெட்டி அது. சுமார் 4 ஆம்பியர் இழுக்கும், நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். இரவு ஒன்பதரைக்கு இன்ஜினை நிறுத்தியதிலிருந்து காலை ஆறரை வரை ஒன்பது மணி நேரம். நான்கை ஒன்பதால் பெருக்கினால் 36 ஆம்பியர்-மணி. அவன் ஸ்டார்ட்டர் பேட்டரி 70 ஆம்பியர்-மணி. ஒரே இரவில் பாதிக்கு மேல் போய்விட்டது.

ஒரு தடவை ஸ்டார்ட் செய்ய எவ்வளவு செலவாகிறது என்றும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 ஆம்பியர், 3 விநாடி: மொத்தமே கால் ஆம்பியர்-மணி. அதைக் கூலர் நான்கு நிமிடத்துக்குள் தின்றுவிடும். உலுக்கு மரத்தின் பலம் அளவில் இல்லை, வேகத்தில்தான் இருக்கிறது. பாதிக்குக் கீழே இறங்கிய பேட்டரியில் மின்சாரம் மிச்சம் இருக்கும், ஆனால் அதை வேகமாகத் தள்ளும் தெம்பு இருக்காது. அதனால்தான் விளக்கு எரிகிறது, ரேடியோ பாடுகிறது, செல்ஃப் மட்டும் எடுப்பதில்லை. “லைட்டெல்லாம் எரியுதே, அப்ப பேட்டரி நல்லாத்தானே இருக்கு?” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விளக்குக்கு வேண்டியது சில ஆம்பியர்தான்.

அந்த டக் டக் சத்தத்துக்கும் காரணம் இதுவே. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டரின் சாலனாய்டு என்ற மின்காந்த ஸ்விட்ச் உள்ளே இழுத்து இணைப்பைக் கொடுக்கும். பெரிய மின்னோட்டம் பாய முயன்றதும் வோல்டேஜ் சரிந்துவிடும். சரிந்ததும் சாலனாய்டு விட்டுவிடும். சுமை போனதால் வோல்டேஜ் மறுபடி எழும், மறுபடி பிடிக்கும். இது விநாடிக்குப் பல தடவை நடக்கும்போது டக்டக்டக் என்று கேட்கிறது. ஒரே ஒரு கனத்த ‘டக்’ மட்டும் கேட்டு நின்றுவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ தளர்ந்த இணைப்பையோ சந்தேகப்படலாம். சத்தமே இல்லை, டாஷ்போர்டும் இருட்டு என்றால் முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறதா, கவ்வி கையால் அசைக்க ஆடுகிறதா என்று பார்த்து, சுத்தம் செய்து இறுக்கினாலே சில வண்டிகள் கிளம்பிவிடும்.

குளிருக்கும் இதில் பங்கு உண்டு. பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. 0 டிகிரியில் அதன் திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டிப்பட்டு, இன்ஜினைச் சுழற்றக் கூடுதல் பலம் தேவைப்படும். கொடுப்பவர் கை சுருங்கும் நேரத்தில் கேட்பவர் கை நீளுகிறது. ஆனால் பேட்டரியின் ஆயுளைத் தின்பது குளிரை விட வெயில்தான். டர்பனின் வெக்கையில் தட்டுகள் அரிக்கின்றன, நீர் குறைகிறது, ஆனால் அந்தத் தளர்ச்சி அங்கே வெளியே தெரிவதில்லை. ஜூலையில் மலைக்குப் போன முதல் இரவில்தான் தெரியவரும். நான்கைந்து வருடம் ஆன பேட்டரியோடு குளிர்காலத்தில் டிராகன்ஸ்பெர்க் போகிறவர்கள், கிளம்புவதற்கு முன் ஒரு பேட்டரிக் கடையில் சோதித்துக்கொள்வது நல்லது. ஐந்து நிமிட வேலைதான்.

இப்போது கரண்ட் கேபிள் கேள்வி. முகாமில் மாட்டுகிற 230 வோல்ட் மின்சாரம் வேனுக்குள் ஒரு சார்ஜருக்குப் போகிறது. பல வேன்களில் அந்த சார்ஜர் வீட்டு பேட்டரியை மட்டுமே ஏற்றும். கூரையில் சூரியத் தகடு இருந்தாலும் அதன் கட்டுப்பாட்டுக் கருவி பெரும்பாலும் வீட்டு பேட்டரிக்குத்தான் இணைக்கப்பட்டிருக்கும். டிரைவர் பக்கத்து லைட்டர் சாக்கெட்டோ ஸ்டார்ட்டர் பேட்டரியைச் சேர்ந்தது. சில வண்டிகளில் சாவியை எடுத்ததும் அது அணைந்துவிடும், சில வண்டிகளில் அணையாது. மைத்துனனின் வேன் இரண்டாவது ரகம். ஆக, இரவு முழுக்க ஒரு பேட்டரி நிரம்பிக்கொண்டிருந்தது, ஓரடி தள்ளி இன்னொன்று வடிந்துகொண்டிருந்தது.

இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஒரு ரிலே, அதாவது தானாக மூடித் திறக்கும் ஸ்விட்ச், இருக்கும். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் வோல்டேஜை 14-ஐ ஒட்டி ஏற்றும். அதைக் கண்டதும் ரிலே மூடி இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துவிடும், இரண்டும் நிரம்பும். இன்ஜின் நின்று வோல்டேஜ் இறங்கியதும் பிரித்துவிடும். நீங்கள் இரவு விளக்கு போட்டு, பிரிட்ஜ் ஓட்டி, வீட்டு பேட்டரியைக் காலி செய்தாலும் ஸ்டார்ட்டர் பேட்டரி தொடப்படாமல் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. புதிய வேன்கள் சிலவற்றில் எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்னேட்டர் தன் வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும். அங்கே சாதாரண ரிலே ஏமாந்துவிடும் என்பதால் டிசி-டிசி சார்ஜர் என்ற கருவி வைக்கிறார்கள்.

பழைய வேனை வாங்கினால் முதல் வாரத்திலேயே ஒரு மாலை இதற்கென்று ஒதுக்குங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு சாக்கெட்டாக, ஒவ்வொரு விளக்காக, எது எந்த பேட்டரியிலிருந்து எடுக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். முன்னால் வைத்திருந்தவர் எந்த வயரை எங்கே இழுத்திருக்கிறார் என்பதைச் சொல்லும் புத்தகம் எதுவும் கிடைக்காது. இந்த ஒரு மாலை வேலையை நான் மிகவும் வற்புறுத்துவேன்.

அளந்து பார்க்க ஒரு சின்ன மல்டிமீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் ஓடாமல் இருந்த பிறகு, எதுவும் இழுக்காத நிலையில் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 அல்லது 12.7 என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். 11.9-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். நிறைவுக்கும் காலிக்கும் இடையில் முழுசாக ஒரு வோல்ட்கூட இல்லை என்பதை மனதில் வையுங்கள், தசமத்துக்குப் பிறகு வரும் எண்தான் இங்கே பேசுகிறது. இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது.

மைத்துனனிடம் மீட்டர் இல்லை. ஆனால் போன் சார்ஜ் செய்யச் செருகும் குச்சியில் சிவப்பு எழுத்தில் வோல்டேஜ் தெரியும். “11.6 காட்டுது அத்தான்.” கூலரைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். “இப்ப 11.9.” சுமை இருக்கும்போது வரும் எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். ஆனாலும் 11.9 என்பது உறைபனியில் டீசல் இன்ஜினைக் கிளப்பும் எண் இல்லை. மறுபடி மறுபடி சாவியைத் திருப்ப வேண்டாம் என்றேன். ஒவ்வொரு திருப்பலும் இருக்கிறதையும் குடிக்கும்.

பக்கத்து இடத்தில் ஒரு பெரியவர் பக்கியோடு, அதாவது பிக்-அப் வண்டியோடு, தங்கியிருந்தார். ஆப்ரிகான்ஸ் பேசுகிறவர். இங்கே வயதில் மூத்தவரை ‘ஊம்’ என்று கூப்பிடுவோம், நம்முடைய மாமாவைப் போல. ஊம் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஜம்ப்பர் கேபிளோடு வந்துவிட்டார். அப்போதுதான் அடுத்த அதிர்ச்சி: “பானெட்டத் திறந்தா உள்ள பேட்டரியே இல்ல அத்தான்!”

பெரிய வேன்களில் இது சகஜம். 2006-க்குப் பிறகு வந்த மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர் வேனில் பேட்டரி முன் இருக்கையின் காலடித் தளத்துக்குக் கீழே இருக்கும். ஜம்ப் கொடுப்பதற்கென்றே இன்ஜின் அறையில் மூடி போட்ட ஒரு பாசிட்டிவ் முனை வைத்திருப்பார்கள். உங்கள் வேனில் அது எங்கே இருக்கிறது என்று பகல் வெளிச்சத்தில், வீட்டு வாசலில் நிற்கும்போதே பார்த்துவையுங்கள்.

கேபிள் மாட்டும் முறையை அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டு வண்டியும் 12 வோல்ட்தானா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும், பெரிய லாரிகள் 24 வோல்ட். வண்டிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது, இரண்டு இன்ஜினும் அணைந்திருக்க வேண்டும். சிவப்புக் கவ்வி இறங்கிப்போன வேனின் பாசிட்டிவ் முனையில், சிவப்பின் மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். அடுத்து கறுப்பு, நல்ல பேட்டரியின் நெகட்டிவில். கறுப்பின் மறுமுனையை மட்டும் இறங்கிப்போன பேட்டரியில் மாட்டாதீர்கள். அந்த வேனின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத, அசையாத உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

ஏன் அப்படி? கடைசியாக மாட்டும் கவ்விதான் சுற்றை முழுமையாக்குகிறது, அந்த நொடியில் ஒரு பொறி பறக்கும். ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடக் கூடியது. அது பேட்டரியின் தலைமேலேயே தேங்கி நிற்கும்போது பொறி பட்டால் பெட்டி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். பொறி எப்படியும் பறக்கத்தான் போகிறது, அது வாயு இல்லாத இடத்தில் பறக்கட்டும் என்பதற்குத்தான் இந்த வரிசை. காரணம் தெரிந்துவிட்டால் வரிசை மறக்காது. இறங்கிப்போன பேட்டரி வேனுக்கு அடியில் இருந்தாலும், முனை வெளியே இருந்தாலும், இதே வழக்கத்தைக் கைவிடாதீர்கள். சிகரெட்டை அணைத்துவிடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

பக்கியின் இன்ஜினைக் கிளப்பி ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டால் இறங்கிப்போன பேட்டரி கொஞ்சம் தெம்பு பெறும். இந்தப் பொறுமைதான் பலருக்கு இருப்பதில்லை. கேபிள் மெல்லியதாக இருந்தால் எவ்வளவு நேரம் காத்தாலும் பலிக்காது. டீசலுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு உள்ள கேபிள் வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பவற்றில் ரப்பர்தான் தடிமனாக இருக்கும், உள்ளே கம்பி நூல் மாதிரி இருக்கும். வேன் கிளம்பியதும் மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்ற வேண்டும், இன்ஜின் உலோகத்தில் இருக்கும் கறுப்புதான் முதலில் வரும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்பார்கள். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் பலிக்காது. கையால் கியர் போடுகிற வண்டியானாலும், கேம்பர் வேனின் எடையைத் தள்ள ஆள் வேண்டும், சரிவும் வேண்டும். பேட்டரி அடியோடு காலி என்றால் இன்றைய இன்ஜின்களின் கணினியும் சாவிப் பூட்டும் உயிர் பெறாது. நம்பி இருக்கத்தக்க வழி இல்லை.

இதையெல்லாம் விட முக்கியமாக ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், பேட்டரி உறைந்திருந்தாலோ பெட்டி உப்பியிருந்தாலோ அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ ஜம்ப் கொடுக்கவே கூடாது. சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துப்போகிறது. நிறைந்த பேட்டரி எந்தத் தென்னாப்பிரிக்கக் குளிரிலும் உறையாது, அடியோடு காலியானது பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறையலாம்.

வேன் கிளம்பியதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். பேட்டரியைப் பொறுத்தவரை அது இன்னும் காலிதான். காலி செய்த 36 ஆம்பியர்-மணியைத் திருப்பி ஏற்ற வேண்டும். இன்ஜினை நின்ற இடத்தில் சும்மா ஓடவிட்டால் ஆல்டர்னேட்டர் குறைவாகத்தான் கொடுக்கும். ஓட்டிக்கொண்டு போனால் முதல் பாதி சீக்கிரம் ஏறும், ஆனால் நிரம்ப நிரம்ப பேட்டரி மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். கடைசிக் கால்வாசிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அரை மணி ஓட்டிவிட்டு, வின்டர்டன் கடைத்தெருவில் இறங்கி ரொட்டி வாங்கப் போனால் திரும்பி வரும்போது மறுபடி டக் டக் கேட்கலாம். அதனால் நேராக என்3 சாலையைப் பிடித்து, எங்கும் இன்ஜினை அணைக்காமல் வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்ததும் இரவு முழுக்க சார்ஜரில் போடச் சொன்னேன்.

பாதி காலியான பேட்டரியை அப்படியே வாரக்கணக்கில் விட்டால் தட்டுகளில் படிந்த ஈய சல்பேட் கெட்டியான படிகங்களாக மாறிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. பேட்டரி சாவது பெரும்பாலும் இறங்கிய நாளில் இல்லை, இறங்கியபடி விடப்பட்ட நாட்களில்தான்.

ஓடாமல் வாசலில் நிற்கிற வேனிலும் இதே ஆபத்து இருக்கிறது. இன்ஷூரன்ஸுக்காக இங்கே பலரும் வண்டி இருக்குமிடம் காட்டும் டிராக்கர் பொருத்தியிருக்கிறோம், அலாரம் இருக்கிறது, ரேடியோவின் நினைவகம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. ஒரு மாதத்தில் 36. கூலர் ஒரே இரவில் தின்ற அதே அளவு. வருடத்துக்கு நான்கு தடவை மட்டும் எடுக்கிற வேனுக்கு மாதம் ஒரு முறையாவது சார்ஜர் மாட்டுங்கள். அல்லது ஸ்டார்ட்டர் பேட்டரிக்கென்றே தனியாக ஒரு சின்னச் சூரியத் தகடு வையுங்கள்.

எனக்கு இதில் ஒரு சின்ன வியப்பும் உண்டு. ஈய பேட்டரியை பிரான்ஸில் காஸ்டன் பிளான்டே உருவாக்கியது 1859-இல். அடுத்த வருடம், 1860 நவம்பரில், சென்னையிலிருந்து நம் முன்னோரை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பன் கரை சேர்ந்தது. அன்றைய ஈயமும் அமிலமும்தான், வடிவம் மட்டும் மாறி, இன்றும் நம் வேன்களைக் கிளப்புகிறது.

மைத்துனன் மதியம் இரண்டு மணிக்கு டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்து சேர்ந்தான். மறுநாள் காலை சார்ஜரைக் கழற்றி, மாலை வரை வண்டியைத் தொடாமல் விட்டு அளந்தோம்: 12.6. ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்தபோது 12.5. பிழைத்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை சமையல் மேடைக்குக் கீழே, வீட்டு பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் போட்டு ஒரு சாக்கெட் இழுத்தோம். கூலர் இப்போது அங்கேதான் இருக்கிறது. முன்பக்க சாக்கெட்டின் மூடியில் என் அக்கா மகள் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: “கூலர் இங்கே கூடாது.”